பலூனின் வால்

"முப்பத்தோராம் பக்கத்துக்கு யார் பொறுப்புன்னு கேட்டு ஒருத்தர் வந்திருக்கார் மேடம். ஐம்பது வயசு இருக்கும். பொம்மைப் புத்தகத்துக்குப் போய் சண்டை போட வந்திருக்கார் பாருங்க!" வரவேற்பறைப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எடிட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாக இதே பாடு.

அவள் நடத்தும் காமிக்ஸ் இதழில், மலையைத் தூக்கும் மாவீரர் வெள்ளிச்சிறகன் தன் உதவியாளன் தும்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். 'தப்பு என்மேலதான். மன்னிச்சிடு' என்று வசனம் எழுதிய பலூன். பலூனின் வால் யார் வாய்க்குப் போகிறதோ அவர்தான் பேசுகிறார் என்று அர்த்தம். அந்த வால் தும்பிக்குப் போகாமல் வெள்ளிச்சிறகனுக்குப் போயிருந்தது.

நாற்பத்தோரு கடிதங்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். 'வெள்ளிச்சிறகன் மன்னிப்புக் கேட்பதா? வெட்கம்!' என்று ஒருவர். 'அடுத்த மாதம் அழவும் வைப்பீர்களோ?' என்று இன்னொருவர்.

முதல் கடிதத்தைப் படித்ததுமே, பலூனுக்குள் வசனத்தை எழுதும் பலூன்காரரை ஹால் நடுவில் நிற்கவைத்து ஒரு பிடி பிடித்துவிட்டாள். "பதினெட்டு வருஷ சர்வீஸ்! வால் எந்தப் பக்கம் போகணும்னுகூடவா தெரியாது?"

பலூன்காரர் கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விட்டார்.

"வரச் சொல்லு" என்றாள் எடிட்டர்.

கையில் ஹெல்மெட்டும் கக்கத்தில் காமிக்ஸுமாக வந்தார் அந்த மனிதர். "வணக்கம் மேடம். நான் லிப்ட் இன்ஸ்பெக்டர். உங்களுக்கு மாசாமாசம் எழுதுவேனே..."

"அடடே, மூணு பின்குறிப்பு போடுறவரா?"

"நானேதான்."

வெள்ளிச்சிறகனின் அங்கி எந்தப் பக்கம் பறக்கவேண்டும் என்று நாலு பக்கம் எழுதுகிற ஆள்! எடிட்டர் முந்திக்கொண்டாள்.

"சார், நீங்க ஒண்ணுமே சொல்லவேண்டாம். அது அச்சுப்பிழை. மன்னிப்புக் கேட்டது தும்பிதான். அடுத்த இதழ்ல திருத்தம் வருது."

அவர் முகம் பொசுக்கென்று வாடிவிட்டது. "அப்போ... வெள்ளிச்சிறகன் கேட்கலையா?"

"கேட்பாரா சார்?"

"நான் கேட்டுட்டேனே மேடம்!"

"நீங்களா? யார்கிட்ட?"

"என் தங்கச்சிகிட்ட." அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆறு வருஷமாப் பேச்சு இல்ல. நீச்சல் சொல்லிக்கொடுக்கிற வேலையில சேர்ந்தேன்னு சந்தோஷமா வந்து நின்னா. 'இதெல்லாம் ஒரு வேலையா'ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுத் தொலைச்சுட்டேன். தப்புன்னு அன்னிக்கே தெரியும். ஆனா வாய் வரணுமே! போன வாரம் முப்பத்தோராம் பக்கம் பார்த்தேன். மலையைத் தூக்கறவரே கேட்கிறார், நாம என்ன பெரிய இவனான்னு போனைப் போட்டுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல, 'ராங் நம்பர்'னா. அப்புறம் அழுதா. அப்புறம் என்னைத் திட்டினா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றா. நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"நல்ல விஷயம்தானே சார், எதுக்கு இப்படி உடைஞ்சுபோறீங்க?"

"அவளும் உங்க வாசகி மேடம்! சின்ன வயசுல ஒரே புத்தகத்துக்கு அடிச்சுக்கிட்டவங்க நாங்க. 'வெள்ளிச்சிறகனைப் பார்த்துத்தான் கேட்கிறேன்'னு வேற உளறி வச்சிருக்கேன். இப்போ நீங்க திருத்தம் போட்டா, நான் கேட்ட மன்னிப்பே அச்சுப்பிழைன்னு ஆயிடாதா?"

எடிட்டருக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்துவிட்டார். அவர் எதிரிலேயே அச்சகத்துக்குப் போன் செய்தாள்.

"அந்தத் திருத்தக் கட்டத்தை எடுத்துடுங்க... என்ன போடறதா? குறுக்கெழுத்து எதையாவது போடுங்களேன்!"

அவர் விசிலடித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். மனசெல்லாம் குளிர்ந்து, எடிட்டர் நேராகப் பலூன்காரர் மேஜைக்குப் போனாள்.

"உங்க தப்பால அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணு சேர்ந்துட்டாங்க! போனாப் போகுது, உங்களை மன்னிச்சுட்டேன்."

"சந்தோஷம் மேடம்" என்றார் அவர், தலை நிமிராமல்.

"அந்தப் பக்கத்தோட ஒரிஜினலைக் குடுங்க. பிரேம் போட்டு அவருக்கு அனுப்பலாம்."

"அது... எங்க வச்சேன்னு தெரியலையே மேடம். நாளைக்குத் தேடி..."

"உங்க டிராயர்லதானே இருக்கும்?" அவளே இழுத்தாள். மேலாகவே இருந்தது. கூடவே, மடித்த தாள் ஒன்று. கதாசிரியர் எழுதிக்கொடுத்த வசனத் தாள்.

'இந்த வசனம் வெள்ளிச்சிறகனுக்கு. தும்பிக்கு அல்ல.' கீழே இரண்டு கோடு. அதற்கும் கீழே, 'பார்த்தேன். சரி.' என்று ஒரு கையெழுத்து.

அவளுடைய கையெழுத்து. படிக்காமலே போட்டது.

"இதை அன்னிக்கே என் மூஞ்சிக்கு நேரா நீட்டியிருக்கலாமே?"

"நீட்டத்தான் எடுத்துட்டு வந்தேன் மேடம்." பலூன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹால்ல எல்லாரும் நின்னாங்க. அத்தனை பேர் முன்னாடி உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்."

எடிட்டர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஹாலின் நடுவில் போய் நின்று, பலமாகக் கைதட்டினாள்.

"எல்லாரும் வேலையை வச்சுட்டு இங்க வாங்க. பலூன்காரர் சார், நீங்களும்!"