பதினோரு முயல்கள்

“பதினோரு பேர், ரிட்லி. ஒருத்தன் தப்பல. எல்லாருக்கும் தலையில ஒரே குண்டு.”

கத்பர்ட் சார்ல்டன் இப்படிச் சொன்னதும், தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அதை அப்படியே வைத்துவிட்டுக் கடையைவிட்டு வெளியேறினார். “முயலைச் சொன்னேம்மா!” என்று இவர் கத்தியது அந்த அம்மாள் காதில் விழவில்லை.

“வந்த கிராக்கியையும் விரட்டியாச்சு. உனக்கு என்னய்யா வேணும்?” என்றார் துப்பாக்கியும் தூண்டிலும் விற்கும் கடைக்காரர் ரிட்லி. இருவரும் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில், ஒரே கணக்குப் பாடத்தில் பெயிலானவர்கள்.

கத்பர்ட் தன் ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். “இதைவிட நல்லதா ஒண்ணு குடு. சனிக்கிழமை ராப்சன் பண்ணையில முயல் வேட்டை. கிளப் ஆளுங்க அத்தனை பேரும் வர்றாங்க. ராப்சன் என்னைத்தான் முன்னாடி நிக்கச் சொல்லியிருக்கான்.”

முப்பது வருஷம் டைன் ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் பஸ் ஓட்டியவர் கத்பர்ட். ஓய்வு பெற்றதும், செப்டம்பர் காய்கறிக் கண்காட்சிக்கென்று கை பருமனுக்கு லீக்ஸ் என்ற வெங்காயத் தண்டு வளர்க்க ஆரம்பித்தார். வளர்த்தது அவர், தின்றது முயல்கள். துப்பாக்கி வந்த கதை அதுதான்.

“நீ எப்பய்யா சுடக் கத்துக்கிட்டே?” என்று ரிட்லி கேட்டார்.

“எங்கே கத்துக்கிட்டேன்? முதல் வாரம் என் குண்டு பட்டு செத்தது என்னோட தண்ணி வாளி ஒண்ணுதான். விசையை அமுக்குறப்போ பயத்துல கண்ணு தானா மூடிக்குது. ரெண்டாவது வாரம் திடீர்னு கை வந்துடுச்சு. எப்படின்னு எனக்கே தெரியல.”

“உன் வீட்டம்மா மாவிஸ் என்ன சொல்றாங்க?”

“அவளுக்கு ரத்தம் பார்த்தா ஆகாது. நான் வேலி ஓரமா குப்புறப் படுத்ததும் மாடிக்குப் போயிடுவா. ஜன்னல்லேர்ந்து ‘இடது ஓரத்துல ஒண்ணு, சுடு’ன்னு குரல் மட்டும் வரும். சுடுவேன். விழும்.”

ரிட்லி சுவரிலிருந்து இரண்டு துப்பாக்கிகளை இறக்கினார். முதலாவது கனமானது. ஸ்பிரிங்கை இறுக்க அடியிலிருந்த நெம்புகோலை இழுக்கப் போன கத்பர்ட்டின் முகம் பீட்ரூட் ஆனது; நெம்புகோல் பாதி வழியில் நின்றுகொண்டது. “இது என்னைவிடப் பிடிவாதக்காரனா இருக்கான். அடுத்தது.”

இரண்டாவது லேசானது. கத்பர்ட் அதை பஸ் ஸ்டியரிங் மாதிரி கெட்டியாகப் பிடித்தார்.

“அப்படி நெரிக்காதேய்யா. ஸ்பிரிங் துப்பாக்கி முன்னாலயும் உதைக்கும், பின்னாலயும் உதைக்கும். இறுக்கினா குறி ஓடிடும். கோழிக்குஞ்சைத் தாங்குற மாதிரி தாங்கு. குண்டோட சக்திக்கு எல்லாத்துலயும் சட்டப்படி ஒரே வரம்புதான். எடையும் நீளமும் உன் உடம்புக்கு ஒத்து வருதான்னு பாரு.” சொல்லிக்கொண்டே ரிட்லி பழைய துப்பாக்கியை எடுத்தார். “இரு. இதுல என்ன குறைன்னு பார்த்துட்டு வர்றேன்.”

பின்கட்டு முற்றத்தில் இருபத்தைந்து தப்படி தூரத்தில் குறிப்பலகை இருந்தது. ஐந்து முறை ‘டப்’ கேட்டது. திரும்பி வந்த ரிட்லியின் முகம் கோணியிருந்தது.

“யோவ், துப்பாக்கி மேல இந்தத் தொலைநோக்கியை மாட்டினது யாரு?”

“நான்தான். ஏன்?”

“குண்டு ஒரு முழம் இடது பக்கமா போகுது. முயலை விடு, இதை வெச்சு சர்ச் சுவரைக்கூட அடிக்க முடியாது.”

கத்பர்ட் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். “அப்படின்னா நான் ஒரு முழம் வலது பக்கமா தப்பா குறி பார்த்திருக்கேன். ரெண்டு தப்பும் சேர்ந்து சரியாப் போச்சு. என் பொழைப்பே அப்படித்தானே!”

ரிட்லி சிரிக்கவில்லை. புதுத் துப்பாக்கியில் குண்டு போட்டு அவர் கையில் கொடுத்தார். “வா. இதுல சுடு.”

கத்பர்ட் பத்து முறை சுட்டார். ஒன்பது குண்டு போன இடம் தெரியவில்லை. பத்தாவது, பக்கத்து ஷெட்டின் தகரக் கூரையில் பட்டு ‘ணங்’ என்றது. அங்கிருந்து ஒரு பூனை ஊரைவிட்டே ஓடியது.

“ராப்சனுக்குப் போன் பண்ணு. காய்ச்சல்னு சொல்லு,” என்றார் ரிட்லி. அந்த மெதுவான குரல்தான் கத்பர்ட்டுக்கு உறைத்தது. கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டி யாரும் தன்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. பதினோரு முயல் விழுந்த பிறகுதான் மதுக்கடையில் நாலு பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இனி அதே நாலு பேர் முன்னால் மண்ணைச் சுட வேண்டும். வெறுங்கையோடு வெளியே வந்தார்.

காரில் மாவிஸ் உட்கார்ந்திருந்தாள். “என்ன, ஒண்ணும் வாங்கலையா?”

“மாவிஸ், நான் ஒரு ஏமாத்துக்காரன். அந்தத் துப்பாக்கியால ஒரு முயலைக்கூட அடிச்சிருக்க முடியாதாம். எந்தத் துப்பாக்கியாலயும் முடியாதுன்னு இப்ப நானே நிரூபிச்சுட்டு வர்றேன். பதினோரு முயலும் என்னைப் பார்த்துச் சிரிச்சே செத்துப்போச்சு போல. ராப்சன்கிட்ட வரலைன்னு சொல்லிடப் போறேன்.”

“உளறாதே. நீ போற. முன்னாடிதான் நிக்கிற.” மாவிஸ் வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நெடுநாள் யோசித்து வைத்திருந்ததைக் கேட்பதுபோல் கேட்டாள்:

“அங்கே மாடி ஜன்னல் கிடையாதே. துப்பாக்கியோட நான் எங்கே ஒளிஞ்சுக்கறது? அதைச் சொல்லு.”