பெயர் இல்லாத பை

எழுதிப் பழக்கமில்லாத கையொன்று துணிந்து எழுதுகிறது. கற்றறிந்த வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இது கௌரவமான இரண்டு குடும்பங்களைப் பற்றியது. ஆகவே கொழும்பு வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கை என்பதைச் சொல்லாமல் விடுவதற்கும் மன்னிப்புக் கோரப்படுகிறது.

"மேக்க மொக்கத?"

காலி வீதிச் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒரு சிறு பொலித்தீன் பையைத் தூக்கிப் பிடித்து, என்ன இது என்றான். உள்ளே வெள்ளைத் தூள். குண்டுகள் வெடித்த தொண்ணூற்றேழாம் ஆண்டில் தமிழர் பையில் வெள்ளைத் தூள் என்றால் வரிசையே இரண்டடி பின்வாங்கும்; வாங்கியது.

பையைக் கொண்டுவந்த மாமியாருக்குப் பக்கத்தில் நின்ற அருந்ததிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அச்சத்தால் மட்டுமன்று, ஆறு மாத வயிற்றோடு முதல் நாள் இரவு எட்டு மணி முதல் அவள் பட்டினி. அவளுடைய முதற் குழந்தை பத்தரை றாத்தல் நிறையோடு வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தது.

"வெறும் வயித்தோட வாங்கோ, குளுக்கோஸும் கொண்டு வாங்கோ," என்று இம்முறை டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அதைக் கரைச்சுக் குடிச்சு ரெண்டு மணித்தியாலத்தில இரத்தம் பார்க்க வேணும். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தால் இப்பவே பிடிச்சால்தான் பிள்ளை தப்பும்."

மாமியார் நாகேஸ்வரி வருத்தத்துக்கு அஞ்சவில்லை. அதன் பெயருக்கு அஞ்சினார். "எங்கட பரம்பரையில தேத்தண்ணிக்குள்ள மட்டும்தான் சீனி. வெளியில தெரிஞ்சால் என்ர சின்னவளை ஆர் கட்டுவினம்?" ஆகவே அன்று காலை குளுக்கோஸை வெறும் பையில் கொட்டிக் கட்டி, பெயர் அச்சிட்ட பெட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்தெறிந்தார்.

"பெட்டியோட கொண்டு போவமே மாமி?"

"வாயை மூடிக்கொண்டு வா பிள்ளை."

வாயைத் திறக்க இப்போதும் வழியில்லை. வரிசையில் அடுத்து நின்றவர் மேல்மாடி அன்னபாக்கியம். அவருடைய மகனுக்குத்தான் சின்னவளின் சாதகம் போயிருந்தது. பக்கத்தில் அவருடைய மகள் நேசமலர், அவளும் வாயும் வயிறுமாக, உதடு காய்ந்து நின்றாள்.

"கோயிலுக்குப் போறம்," என்று அன்னபாக்கியம் கேளாமலே சொல்லியிருந்தார். "பிள்ளை விரதம். பச்சைத் தண்ணியும் வாயில படேல்லை."

நாகேஸ்வரி நிமிர்ந்து, சிப்பாயைச் சிங்களத்தில் ஐயா என்று விளித்தார். "விபூதி மாத்தயா. கோயில் விபூதி."

"அப்பிடியோ? எங்களுக்கும் கொஞ்சம் தாங்கோவன் அக்கா," என்றார் அன்னபாக்கியம்.

மறுத்தால் சந்தேகம், கொடுத்தால் சம்பந்தம் போயிற்று. நாகேஸ்வரி கொடுத்தார். அன்னபாக்கியம் அதை நெற்றியிற் பூசி, வழக்கப்படி ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொண்டார்.

நாகேஸ்வரி அந்த வாயையே பார்த்தார். அன்னபாக்கியத்தின் முகத்திலோ ஒரு சுருக்கமும் விழவில்லை. "முருகா!" என்று கண்களை மூடினார். "நல்ல விபூதி."

சிப்பாய்க்கு அந்தப் பக்தி போதவில்லை. பெயர் ஒட்டாத தூளை விட முடியாது என்று சிங்களத்தில் சொல்லி, பையை மணல் மூட்டைகளின் மேல் கவிழ்த்தான்.

"மாமி, உண்மையைச் சொல்லுங்கோவன்!"

"மூச்சு விடாதை."

அடுத்தது அன்னபாக்கியத்தின் கைப்பை. சிப்பாயின் கை உள்ளே சென்று, அதே அளவில், அதே வெள்ளையில், அதேபோலப் பெயரில்லாத பையொன்றை வெளியே எடுத்தது.

"அம்மே, மேகத் விபூதித?" இதுவும் விபூதியா என்றான்.

நேசமலர் நிலத்தைப் பார்த்தாள். அன்னபாக்கியம் நாகேஸ்வரியைப் பார்த்தார். நாகேஸ்வரி மெல்ல விரலை நீட்டி, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். இனித்தது.

"ஓம் மாத்தயா," என்றார். "இதுவும் விபூதிதான்."

அன்று இழந்தவை: குளுக்கோஸ் இரண்டு பை. இரண்டு கர்ப்பிணிகளின் பன்னிரண்டு மணி நேரப் பட்டினி. கிளினிக்கில் அவர்களுக்குக் கிடைத்த முறை; இனி ஐந்து வாரம் கழித்துத்தான். கௌரவத்துக்குச் சேதமில்லை. அருந்ததியின் முதற் குழந்தை இதிற் சேர்க்கப்படவில்லை.