ரோசியின் பார்

தென்கடல் கப்பல்களுக்கு இப்போது மீன் காட்டிக் கொடுப்பது பென்குயின்கள்தான். முதுகில் சின்னக் கருவியோடு அலையும் ஒவ்வொன்றையும் ஓர் ஆள் கவனித்து, அது வயிறு நிறைக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

உவரிக்காரன் இன்னாசியின் பறவை மட்டும் கூட்டத்தோடு சேராது. குளிர்காலம் முழுக்கத் தனியாகப் போய், மற்றவை எட்டாத ஆழத்தில் முங்கும். ஊரில் அவன் மனைவி பிரகாசியும் போனில் அதன் புள்ளியைப் பார்ப்பாள். ரோசி என்று பெயரும் வைத்திருந்தாள்.

மீன் கிடக்கும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே என்று கூடப்பிறந்தவனுக்கும் சொல்லாத வம்சம் இன்னாசியுடையது. "இது சும்மா சுத்துது" என்றே காப்டனிடம் சொல்லிவந்தான். ஆனால் பிரகாசிக்குப் பேறுகாலம் நெருங்கியது. கப்பல் நிறைந்தால்தான் கரை. சொல்லிவிட்டான். நாலே நாளில் ரோசியின் இடத்தைத் துடைத்து அள்ளினார்கள்.

பிள்ளை பிறக்குமுன் வீடு வந்தான். பிரகாசி சோற்றுத் தட்டின் பக்கத்தில் போனை வைத்தாள். புள்ளி அதே இடத்தில் முங்கி முங்கி எழுந்தது.

"வேற இடம் தேடத் தெரியாதா இதுக்கு?" என்றான்.

"எங்கப்பாவும் அப்படித்தான். நம்ம பாரை விசைப்படகு அள்ளினபிறகும் சாகுறவரைக்கும் அங்கதான் போனாவ. இடத்தைச் சொன்னவன் குடும்பம் விளங்காதுன்னு தினமும் மண்ணை வாரித் தூத்துவாவ."

சொல்லிவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டாள்.