அத்தையின் கண்வலி

"கண்ணு வலி தாங்கல ஆத்தா. கொஞ்சம் பால் குடு" என்று மாமியார் சுந்தரம்மாள் டம்ளரை நீட்டியதும், வேலுத்தாய்க்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

சிலமலைக் கிராமத்தில் யாருக்குக் கண் வலித்தாலும் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி ரெண்டு சொட்டு விடுவார்கள். அத்தையும் முதலில் சங்கில்தான் வாங்கினாள். ரெண்டு மாதத்தில் சங்கு டம்ளராகிவிட்டது.

"உங்களுக்குக் கண்ணு ரெண்டா, பன்னெண்டா அத்தை? எம்பிள்ளை குடிக்க வேணாமா?"

"வலிக்குதே, என்ன செய்ய?"

அங்கேயே உட்கார்ந்து விட்டுக்கொள்ளவும் மாட்டாள். முந்தானையில் டம்ளரை மறைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவாள். களை எடுக்கக் கூப்பிட்டால் மட்டும் கண்ணே திறக்காது.

பக்கத்து வீட்டுச் சந்திரவல்லி வேறு குத்திக் காட்டினாள். "உங்க அத்தை எங்கிட்டயும் வாங்கிட்டுப் போகுதுடி. உன் பாலுக்கு வலி கேக்கலையாம்ல?"

வேலுத்தாய்க்குச் சுருக்கென்றது. கூடவே, நிஜமாகவே அத்தைக்குப் பார்வை போய்விடுமோ என்று பயமும் வந்தது. ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவோம் என்று அத்தையை பஸ்சில் ஏற்றிப் போடிக்குக் கூட்டிப்போனாள்.

கண் டாக்டர் இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். விரலைக் காட்டி எண்ணச் சொன்னார்.

"ஊசியில நூலே கோக்கலாம். வலிக்கு ஒரு காரணமும் இல்ல. ஆனா பாலு கீலு விடாதீங்க, புண்ணாயிரும்."

திரும்பி வரும்போது அத்தை பஸ் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவேயில்லை.

மறுநாள் காலையில் அதே டம்ளர் நீண்டது. "டாக்டருக்கு என்ன தெரியும் ஆத்தா?"

கண்ணில் காரணம் இல்லையென்றால் வேறு எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? வேலுத்தாய் பாலைக் கொடுத்தாள். தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அத்தைக்குப் பின்னாலேயே நடந்தாள்.

அத்தை சந்து சந்தாக நுழைந்து, ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றின் அடியில் தனியாக நின்ற குடிசைக்குள் போனாள்.

அது அத்தையின் மகள் சுருளியம்மாளின் குடிசை. வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறிப் போனவள், ஆறு மாதம் முன்புதான் இறங்கி வந்திருந்தாள். யாரும் எட்டிப் பார்த்ததில்லை. "அவ செத்துட்டா. அவ வாசலை மிதிக்கிறவுக என் வாசலை மிதிக்கக் கூடாது" என்று மாமனார் மொக்கையன் ஊர்க் கூட்டத்தில் அடித்துச் சொல்லியிருந்தார்.

உள்ளே சுருளியம்மாள் காய்ச்சலில் நாராகக் கிடந்தாள். அத்தையின் மடியில் ஒரு சிசு, சங்கை விடாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"இவளுக்குப் பால் வத்திப்போச்சு. மாட்டுப் பால் குடுத்தா கக்கிருது. பாதி உசுராத்தான் கெடக்கு" என்றாள் அத்தை, நிமிராமல்.

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ வீட்டுல இருப்பியா? இப்படித்தான் வந்து நிப்ப. ஊரு உன்னையும் சேத்து ஒதுக்கிரும்."

"ஒதுக்கட்டும்."

தன் பிள்ளையை இறக்கி அத்தையிடம் விட்டுவிட்டு, அந்தச் சிசுவை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள் வேலுத்தாய். அது குடித்த வேகத்தில் அவளுக்கே மூச்சு முட்டியது.

வீடு திரும்பியபோது மாமா வாசலில் நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தார். வேலுத்தாய் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா, சுருளியம்மா பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வர்றேன். நாளைக்கும் போவேன். அந்த வாசலை மிதிச்சாச்சு. இந்த வாசலை மிதிக்கவா, இப்படியே திரும்பிப் போகவா? வெரசாச் சொல்லுங்க, பிள்ளை தூங்கி விழுறான்."

மாமா தெருவின் ரெண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லையென்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"மெதுவாப் பேசு ஆத்தா. கண்வலினு சொல்லச் சொன்னதே நாந்தான்."

வேலுத்தாய் குரலைக் கொஞ்சமும் இறக்கவில்லை.

"அப்ப நாளைக்கு நீங்களும் வாங்க மாமா. சந்து வழியா இல்ல, நடுத்தெரு வழியா."