நல்லூர் விழும் ஒத்திகை

யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்த 1619ஆம் ஆண்டு, பிரெஞ்சு மண்ணில், லா சப்பல் மண்டபமொன்றில் தொடங்காமலே கிடக்கிறது. நாளைக்கு நாடகம். தலைநகர் நல்லூரைப் பிடிக்கவேண்டிய பறங்கித் தளபதி தினேஸ் இன்னும் வரவில்லை; சார்செலில் ரயில் நின்றுவிட்டதாம். நாடகம் பழக்கும் தவநாயகி யன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள். கையிலுள்ள பால்தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்துவிட்டது. கடைசி ராசா சங்கிலியாக நடிக்கும் தவசீலன், பிளாஸ்டிக் கதிரைச் சிம்மாசனத்தில் இருந்து, ஒட்டுமீசை கழலாமல் றோல்ஸ் கடிக்கிறான். யன்னல் வெயிலில் அவனுடைய தங்கத்தாள் முடி மினுங்குகிறது.

“அக்கா, ரெஸ்ரோரண்டில சேர்விஸ் தொடங்கப்போகுது.”

“கொஞ்சம் பொறும். நீர் பிடிபடாமல் நாடகம் எப்பிடி முடியிறது?”

“இண்டைக்கும் பிந்தினால் பத்ரோன் என்னை வேலையால நிப்பாட்டிப்போடுவான்.” முடியைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, ஜாக்கெற்றைக் கொழுவிக்கொண்டு இறங்கிப் போகிறான். மீசையைக் கழற்ற மறந்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம். மட்டைவாளோடு தினேஸ் மூச்சிரைக்க நிற்கிறான். “அக்கா, எங்கையிருந்து தொடங்க?”

தவநாயகி வெறுங்கதிரையைக் காட்டுகிறாள். “தொடங்க என்ன கிடக்கு? போய் எடும் நல்லூரை. ராசா கோப்பை கழுவப் போயிட்டார்.”