பன்னிரண்டாம் டோக்கன்

"போனை உள்ள கொண்டுபோகக் கூடாது தம்பி," என்று கையை நீட்டினார், வாசலில் அடையாள அட்டையோடு நின்றவர். கொடுத்தேன். பன்னிரண்டு என்று எண் போட்ட டோக்கன் ஒன்றைக் கொடுத்தார்.

தகவல் பாதுகாப்பு முதுகலைப் படிப்புக்கு நேர்காணல். உள்ளே, விடிந்ததுமே வந்து உட்கார்ந்துவிட்ட துறைத்தலைவி. பக்கத்தில், அந்தப் பாடத்துக்குப் புத்தகமே எழுதிய பேராசிரியர்.

"பாதுகாப்போட முதல் விதி என்ன?" என்றார் பேராசிரியர்.

"கேக்கறவர் யாருன்னு தெரியாம எதையும் குடுக்கக் கூடாது சார்."

"பிரமாதம்."

துறைத்தலைவி சிரித்தார். "சீட் உங்களுக்குத்தான். கடிதம் அனுப்பறேன், போன்ல பாருங்க."

"போன் வாசல்ல உங்க ஆள்கிட்ட இருக்கு மேடம்."

"எங்க ஆளா? வாசல்ல நாங்க யாரையும் நிறுத்தலையே."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இதுவும் ஒரு பரீட்சை, கோட்டை விட்டுவிட்டேன்.

துறைத்தலைவிக்கும் அதே எண்ணம்தான் போலிருக்கிறது. பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"பசங்களைச் சோதிக்க நீங்க செஞ்ச வேலையா சார் இது?"

பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து மெதுவாக ஒரு டோக்கனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதில் போட்டிருந்த எண் ஒன்று.