வெள்ளிக்கிழமைத் துடைப்பு

எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிலேயே வேகமானவள் என் அம்மா வேலம்மாள். தலைக்குள் இருக்கும் சிப் மந்தமாகிவிடக் கூடாதென்று வெள்ளிக்கிழமைதோறும் பழைய நினைவுகளைத் துடைத்துவிடுவாள்.

நேற்று ஒருவர் இனிப்போடு வந்தார். “போன மாசம் என் சம்சாரத்தக் காப்பாத்துனீங்களே.”

அம்மா சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். அவர் போனதும், “யாருடி அவரு?” என்றாள்.

“கமலவேணியோட வீட்டுக்காரரும்மா. ரயில்வே கேட் மூடியிருந்துச்சுன்னு வாய்க்கால் கரையிலயே வண்டிய ஓட்டிட்டுப் போன.”

“நானாடி?”

துடைப்பதற்கு முன் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிடுவாள். என் சிப்பில் நான் எதையும் துடைத்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் தாமதமாகத்தான் திரும்புவேன். அலுவலகத்தில் டியூப்லைட் என்கிறார்கள். சொல்லட்டும். அம்மா பிழைக்கவைத்த நானூற்றுப் பன்னிரண்டு பேர் என் தலைக்குள் பத்திரமாக இருக்கிறார்கள்.